பால்வெட்டுக்குப் பிறகு

பெற்றோருக்கு அறிவுரை சொல்லும் துண்டுப்பிரசுரங்கள் எங்கள் பாடசாலைகளுக்கு அவ்வப்போது வந்து சேரும். வழவழப்பான தாளில் ஒரு படம் இருக்கும். மேசை விளக்கின் கீழே பிள்ளை படிக்கும், பின்னால் அப்பாவும் அம்மாவும் சிரித்தபடி நிற்பார்கள். பிள்ளைக்குப் படிக்கத் தனியிடம் ஒதுக்குங்கள், காலைச் சாப்பாட்டைச் சேர்ந்து சாப்பிடுங்கள், வீட்டு வேலைகளை நாளாந்தம் சரிபாருங்கள் என்று கீழே எழுதியிருக்கும். யட்டியாந்தோட்டைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் இதை வாசித்துக் காட்டியபோது பின் வரிசையிலிருந்து ஒரு தாய் எழுந்தார்.

"காலையில நாங்க எங்கங்க டீச்சர் வீட்ல இருக்கோம்?"

கூட்டம் சிரித்தது. துண்டுப்பிரசுரத்தை மடித்து வைத்துவிட்டு, அவர் வீட்டின் ஒரு நாளைச் சொல்லச் சொன்னேன். வகுப்பாசிரியையாக இருந்து, பிறகு ஆலோசனை வழிகாட்டலுக்கும் பொறுப்பாகி, கேகாலை, இரத்தினபுரி மாவட்டத் தோட்டப் பிள்ளைகளோடு வேலை செய்து ஓய்வு பெற்றவள் நான். ஒரு பிள்ளையைப் பற்றிப் பேச வரும் தாய் தகப்பனிடம் அன்று தொடங்கி நான் முதலில் கேட்பது அந்த வீட்டின் நேரத்தைத்தான். எத்தனை மணிக்கு எழும்புகிறீர்கள், யார் முதலில் வெளியே போகிறார், யார் கடைசியில் கதவைச் சாத்துகிறார், பிள்ளை வரும்போது வீட்டில் யார். மற்றதெல்லாம் இதற்குள்ளேயே வந்துவிடும்.

மலையகம் என்றால் எல்லோருக்கும் நுவரெலியாவும் ஹட்டனும்தான் ஞாபகம் வரும். ஆனால் கேகாலையும் இரத்தினபுரியும் சேர்ந்த சப்ரகமுவ மாகாணத்தில் பாதி வாழ்க்கை ரப்பர். தெரணியகலை, தெஹியோவிட்ட, ருவன்வெல்ல, எஹலியகொட, நிவித்திகல என்று போகப் போக லயங்களை, அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளை, சுற்றி ரப்பர் மரங்கள்தான். ரப்பர் மரத்தில் வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறைந்துவிடும், குளிர்ச்சி இருக்கும்போதே பட்டையைக் கீறவேண்டும். அதனால் விடியும் முன்பே எழும்பி, வெளிச்சம் வரும்போது மரத்தடியில் நிற்கவேண்டும். 250, 300 மரம் வெட்டி முடித்து, சிரட்டையில் பால் நிறையும் வரை காத்திருந்து, வாளியில் சேர்த்து ஸ்டோருக்குக் கொண்டுபோய் அளந்து கொடுத்தால் பகல் ஒரு மணி, இரண்டு மணி. அதோடு வேலை முடிந்துவிடும். பலாங்கொடை, இறக்குவானைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களில் கதை வேறு. காலையில் வேலை பிரித்துக் கொடுக்கும் பிரட்டுக்குப் போனால் கொழுந்து நிறுத்து வீடு வர மாலை ஐந்தாகும்.

ஆக ரப்பர் வீட்டில் காலையில் பெரியவர்கள் இல்லை, பின்னேரம் இருக்கிறார்கள். தேயிலை வீட்டில் காலையில் கொஞ்ச நேரம் இருக்கிறார்கள், பின்னேரம் இல்லை. இரண்டுக்கும் ஒரே அறிவுரை பொருந்தாது.

வரவுப் பதிவேட்டை வைத்துக்கொண்டு உட்கார்ந்தால் ரப்பர் பிள்ளைகளின் காலை தெரியும். பாடசாலைக்கு வராத பிள்ளைகளில் பெரும்பாலானோர் சோம்பேறிகள் அல்லர். வீட்டில் எழுப்ப ஆளில்லாதவர்கள், அல்லது தம்பி தங்கச்சியை எழுப்பி, முகம் கழுவி, தேத்தண்ணி கொடுத்து, சட்டை மாட்டி அனுப்பிவிட்டுத் தனக்கு நேரம் பிந்திப்போன மூத்த அக்காமார்கள். எட்டாம் தரத்தில் படிக்கும் ஒரு பெண் பிள்ளை திங்கட்கிழமைகளில் வருவதே இல்லை. சத்தம் போட்டுப் பார்த்த வகுப்பாசிரியை என்னிடம் அனுப்பினார். விசாரித்தால், ஞாயிற்றுக்கிழமை மழை பெய்து சின்னவர்களின் சீருடை காயாவிட்டால், அதை அடுப்பு மேல் காயவைத்து உடுத்தி அனுப்பும் வேலை இவளுடையது. அதற்குள் பஸ் போய்விடும்.

இந்த வீட்டில் தாயிடம் "பிள்ளையில் அக்கறை காட்டுங்கள்" என்றால் என்ன விளங்கும்? சீருடையை வெள்ளிக்கிழமை பின்னேரமே துவைக்கச் சொன்னேன், அவ்வளவுதான். காலை வேலை எல்லாவற்றையும் முந்தின இரவுக்குத் தள்ளுவதுதான் நான் ரப்பர் பெற்றோருக்குச் சொல்லிவந்த முதல் காரியம். புத்தகப் பை கட்டியாகிவிட்டதா, பென்சில் இருக்கிறதா, போத்தலில் தண்ணீர் இருக்கிறதா என்று படுக்கும் முன் பார்த்துவிட்டால் விடிகாலையில் தாய் இல்லாததன் பாரம் பாதி குறையும். இன்னொன்று, லயத்தில் வேலையிலிருந்து நின்ற ஒரு பாட்டி எப்படியும் இருப்பார். அவரிடம் அந்த வரிசைப் பிள்ளைகள் எல்லோரையும் ஒப்படைக்கச் சொல்வோம். ஆறே முக்காலுக்கு லயத்தின் ஒவ்வொரு காம்பரா (வீட்டு அறை) வாசலிலும் நின்று பெயர் சொல்லிக் கூப்பிடுவது மட்டும்தான் அவர் வேலை. ஒரு தோட்டத்தில் அந்தப் பாட்டி கூப்பிடுகிற குரலுக்குக் கங்காணியின் பிள்ளைகளும் எழும்பிவிட்டார்கள் என்று சொல்லிச் சிரிப்பார்கள்.

மழை நாள் இன்னொரு விஷயம். இரத்தினபுரியின் மழையைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. மரம் நனைந்திருந்தால் பால் வெட்ட முடியாது, வெட்டாத நாளுக்குச் சம்பளம் சரியாக வராது. அன்று அப்பாவும் அம்மாவும் வீட்டில். பாடசாலையில் வரவு குறைவதும் அன்றுதான். பாதை வழுக்கும், ஆறு பெருகும் என்பதெல்லாம் உண்மையான காரணங்கள். ஆனால் பாதை நன்றாக இருக்கும் தூறல் நாளிலும் பிள்ளை வராது. அம்மா வீட்டில் இருக்கிற அபூர்வமான காலையை விட்டுவிட்டு எந்தப் பிள்ளை கணக்குப் பாடத்துக்கு வரும்? இதை விளங்கிக்கொண்ட பிறகு மழை நாள் வராமைக்கு நான் பிள்ளைகளை ஏசுவதில்லை. பெற்றோரிடம் சொல்வேன், மழை நாளில் பிள்ளையை அனுப்புங்கள், ஆனால் நீங்களே பாதை வரைக்கும் கூட்டிப்போய் விடுங்கள். அந்தப் பத்து நிமிட நடையும் ஒரு குடைக்குள் போவதும் பிள்ளைக்குப் போதும்.

மழை என்றதும் இதையும் சொல்லவேண்டும். 2016 மே 17ஆம் திகதி அரநாயக்கவில் சாமசர மலை சரிந்ததும், அடுத்த வருடம் மே மாதமே இரத்தினபுரி மாவட்டத்தில் வெள்ளமும் மண்சரிவும் வந்ததும் எங்கள் பிள்ளைகளின் தூக்கத்துக்குள் போய்விட்டன. பலத்த மழை பெய்யும் இரவுகளில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் விழித்தபடி படுத்திருப்பார்கள், அடுத்த நாள் வகுப்பில் தூங்குவார்கள். "ஒண்ணும் ஆவாது, படு" என்று சொல்வதில் பயனில்லை, ஆகும் என்பதைத் தொலைக்காட்சியில் அவர்களே பார்த்திருக்கிறார்கள். ஆனால் என்ன செய்வோம் என்பதைச் சொன்னால் அடங்குவார்கள். அறிவித்தல் வந்தால் எந்தக் கோவிலுக்கு, எந்தப் பாடசாலைக்குப் போவோம், சான்றிதழ் பையை யார் எடுப்பது, பாட்டியின் கையை யார் பிடிப்பது. பிள்ளைக்கும் அதில் ஒரு வேலை கொடுக்கவேண்டும். டார்ச் லைட் உன் பொறுப்பு என்று சொல்லப்பட்ட ஒரு பையன், மழை பெய்தால் பற்றரியைச் சரிபார்த்துவிட்டுப் படுத்துக்கொள்வதாக என்னிடம் பெருமையாகச் சொன்னான்.

இனிப் பின்னேரம்.

ரப்பர் வீட்டுக்கு வாய்த்த வரம் பின்னேரம்தான். பாடசாலை ஒன்றரைக்கு விடுகிறது. பிள்ளை மலையேறி வீடு சேரும்போது அம்மாவும் குளித்து முடித்துச் சோறு போடும் நேரம். கொழும்பில் அலுவலகம் போகும் பெற்றோருக்குக் கூட இது கிடைக்காது. ஆனால் இந்த நேரத்தை எப்படிப் பயன்படுத்துவது என்று கேட்டால், எல்லாப் பெற்றோரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள். "நாங்க படிக்கல டீச்சர். அவங்க புத்தகத்துல என்னா இருக்குன்னு எங்களுக்கு எங்க தெரியும்?"

இந்தப் பதிலுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கிறது. தோட்டப் பாடசாலைகளை அரசாங்கம் பொறுப்பேற்றது 1970களில்தான். அதற்கு முன் அநேக தோட்டங்களில் பாடசாலை என்பது, பெற்றோர் மலையில் நிற்கும்வரை பிள்ளைகளை ஓரிடத்தில் இருத்திவைக்கும் கொட்டகை. அதில் ஐந்தாம் வகுப்போடு நின்றவர்களின் பிள்ளைகள்தான் என் முன்னால் உட்கார்ந்திருக்கும் பெற்றோர்கள். படிப்பு என்பது தங்களுக்குச் சம்பந்தமில்லாத, டீச்சருக்கே உரிய காரியம் என்று அவர்கள் நினைப்பதில் வியப்பில்லை. அந்த நினைப்பை உடைப்பதற்காகவே என் வேலையின் பெரும் பகுதி போனது.

சொல்லிக் கொடுக்கத் தெரியவேண்டாம், சொல்லிக் கொடுக்கச் சொல்லிக் கேளுங்கள் என்பேன். சாப்பிட்டு முடிந்ததும் ஒரு கொப்பியை எடுத்து வரச்சொல்லி, ஒரு பக்கத்தைக் காட்டி, இது என்னா, எனக்குச் சொல்லு என்று கேட்கவேண்டும். சிவப்புப் பேனையால் டீச்சர் என்ன எழுதியிருக்கிறார் என்று கேட்கவேண்டும். பிள்ளை பொய் சொல்லுமா? சில நாள் சொல்லும். ஆனால் தினமும் கேட்கிற தாயிடம் தினமும் பொய் சொல்வது கஷ்டமான வேலை, படிப்பது அதைவிட லேசு. தனக்குத் தெரிந்ததை இன்னொருவருக்குச் சொல்லும்போதுதான் தெரியாத இடம் பிள்ளைக்கே பிடிபடும். எழுத்து வாசிக்கத் தெரியாத ஒரு தாய், தன் மகளின் விஞ்ஞானக் கொப்பியில் ஒளித்தொகுப்புப் படத்தைப் பார்த்து, "அப்ப ராத்திரிக்கு மரம் என்னா செய்யும்?" என்று கேட்டிருக்கிறார். மகள் அடுத்த நாள் அதை விஞ்ஞான ஆசிரியரிடம் கொண்டுபோனாள். நாள் முழுக்க மரத்தோடு இருப்பவர் அல்லவா, கேள்வி சரியான இடத்தில் விழுந்திருக்கிறது.

"இன்னிக்கு என்னா படிச்ச?" என்று மட்டும் கேட்கக்கூடாது. "ஒண்ணுமில்ல" என்பதுதான் அதற்கு உலகம் முழுக்கப் பிள்ளைகள் சொல்லும் பதில். பக்கத்தில் யார் உட்கார்ந்தது, இன்றைக்கு யார் ஏச்சு வாங்கியது, இடைவேளையில் என்ன விளையாட்டு, வரும்போது பாலத்தடியில் யார் நின்றது என்று கேளுங்கள். இந்தக் கடைசிக் கேள்வி எனக்கு மிக முக்கியம். தோட்டத்துப் பிள்ளைகள் நீண்ட தூரம், ஆளில்லாத ரப்பர் மலைக்குள்ளால் நடந்து வருகிறவர்கள். வழியில் தொந்தரவு கொடுப்பவனைப் பற்றி ஒரு பிள்ளை முதன் முதலில் வாய் திறப்பது இப்படிச் சும்மா பேசுகிற பேச்சில்தான், "உனக்கு ஏதும் பிரச்சினையா" என்று நேராகக் கேட்கும்போது அல்ல. அப்படி ஏதாவது தெரியவந்தால் லயத்துக்குள்ளேயே பேசி முடிக்கப் பார்க்காதீர்கள், தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் 1929 இலக்கத்துக்கு அழையுங்கள் என்று ஒவ்வொரு கூட்டத்திலும் சொல்லுவோம்.

தேயிலைப் பக்கத்தில் இந்தப் பின்னேரம் கிடையாது. அங்கே நான் கேட்டுக்கொண்டது அடுப்படி நேரத்தை. அம்மா ரொட்டி தட்டும்போது பிள்ளை பக்கத்திலிருந்து வாசிக்கட்டும். புகை வரும், கொப்பியில் மா படும், பரவாயில்லை.

பெற்றோர் பாடசாலைக்கு வந்தால் பிள்ளையின் முன்னாலேயே ஒரு வசனம் சொல்வார்கள். "கண்ண மட்டும் விட்டுட்டு எங்க வேணும்னாலும் அடிங்க டீச்சர், நான் ஒண்ணும் கேக்கமாட்டேன்." மரியாதையாகத்தான் சொல்கிறார்கள். பாடசாலையில் உடல் ரீதியான தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை சொல்கிறது, என்னால் முடியாது என்று நான் சொன்னால் சிலருக்கு என் மேல் நம்பிக்கையே போய்விடும். சட்டத்தைச் சொல்லி அவர்களை மாற்ற முடியாது என்று கண்டேன். வேறு கணக்கு ஒன்றைச் சொன்னேன். குறைந்த மார்க் எடுத்ததற்கு அடி வாங்கும் பிள்ளை அடுத்த தவணை மார்க்கை மறைக்கும். மார்க்கை மறைக்கப் பழகிய பிள்ளை பிறகு மற்றதையும் மறைக்கும், பாலத்தடியில் நிற்பவனையும் மறைக்கும். பொம்பளைப் பிள்ளை வைத்திருக்கும் தகப்பன்மார் இந்த இடத்தில் நிமிர்ந்து உட்காருவதைப் பார்த்திருக்கிறேன்.

தரம் ஐந்து புலமைப்பரிசில் பரீட்சை பற்றி நீளமாகச் சொல்ல எனக்கு மனமில்லை. 200 மார்க்குக்கு இரண்டு வினாத்தாள், மாவட்டத்துக்கும் மொழிமூலத்துக்கும் ஏற்ப மாறும் வெட்டுப்புள்ளி. பத்து வயதுப் பிள்ளைகளில் சிலரைத் தெரிவு செய்யும் ஏற்பாடு அது, மற்றவர்கள் பெயில் என்று அதற்கு அர்த்தமில்லை. லயத்தில் ஒரு பிள்ளைக்கு மாலை போடும் நாளில் பக்கத்துக் காம்பராவில் எட்டுப் பிள்ளைகள் தலை குனிந்திருக்கும். 1998இல் கிளாடியா முல்லர், கரோல் டுவெக் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதே ஐந்தாம் வகுப்பு வயதுப் பிள்ளைகளைத்தான் எடுத்துக்கொண்டு, பாராட்டு என்ன செய்கிறது என்று பார்த்தார்கள். நீ புத்திசாலி என்று பாராட்டப்பட்ட பிள்ளைகள் கஷ்டமான புதிர்களைத் தவிர்த்தார்கள், தங்கள் மார்க்கைக் கூட்டிச் சொன்னவர்களும் அவர்களில்தான் அதிகம். நன்றாக முயன்றாய் என்று பாராட்டப்பட்டவர்கள் கஷ்டமான புதிர்களையே தேடிப் போனார்கள். மாலை போட்ட பிள்ளையின் பெற்றோருக்கும் இதை நான் சொல்வதுண்டு. ஆறாம் தரத்தில் கெட்டிக்காரப் பிள்ளை திடீரென்று பின்வாங்குவது ஏன் என்று அவர்களும்தான் வந்து கேட்கிறார்கள்.

பதின்மூன்று வயதுக்கு மேல் பின்னேரம் போதாது. பிள்ளைகள் பேசும் நேரம் இரவுக்குத் தள்ளிப்போகும், அவர்களின் உடம்பே அப்படி. தூக்கம் வரும் நேரம் இந்த வயதில் பிந்துகிறது, ஆனால் தேவைப்படும் தூக்கம் எட்டிலிருந்து பத்து மணித்தியாலம். பெற்றோரோ விடியும் முன் எழும்புவதால் எட்டு மணிக்கே கண் சொருகுவார்கள். ஒரே காம்பராவுக்குள் ஒரு பக்கம் குறட்டை, மறு பக்கம் போன் வெளிச்சம்.

போன் இந்த வீடுகளுக்குள் பிள்ளைகளின் கைக்கு வந்தது 2020 மார்ச்சில் பாடசாலைகள் மூடப்பட்ட பிறகு. அதுவரை அப்பாவின் சட்டைப் பையில் இருந்த ஒரே போன், வாட்ஸ்அப்பில் பாடம் வரத் தொடங்கியதும் பிள்ளைகளுக்குப் பொதுவானது. சிக்னல் தேடி மலை உச்சிக்கும், பாறைக்கும், தண்ணீர்த் தாங்கிக்கும் ஏறினார்கள். டேட்டா கார்டுக்கு அம்மா கடன் வாங்கினார். பாடசாலை திறந்த பிறகு போன் அப்பாவிடம் திரும்பிப் போகவில்லை. இரவு ஒரு மணி வரை விளையாட்டு, டிக்டொக், யாரென்று தெரியாதவர்களோடு அரட்டை.

பறித்து உடைத்த அப்பாக்கள் இருக்கிறார்கள். அந்தப் பிள்ளை அடுத்த வாரமே கூட்டாளியின் போனில் இருக்கும், அதைத் தகப்பன் பார்க்கவே முடியாது. ஒரு தாய் கண்டுபிடித்த வழியைத்தான் நான் பிறகு எல்லோருக்கும் சொல்லித் திரிந்தேன். அவர் சண்டையே பிடிக்கவில்லை. "விடிய நாலு மணிக்கு எனக்கு அலாரம் வேணும், போன் என் தலமாட்டுல கெடக்கட்டும்" என்றார். உண்மையும் அதுதான். அலாரம் அடிக்காவிட்டால் வேலைக்குப் பிந்தும், பிந்தினால் அன்றைய சம்பளத்துக்குப் பேர் போடமாட்டார்கள் என்று பிள்ளைக்கே தெரியும். ஒன்பது மணிக்குப் போன் சாமி படத்துக்குப் பக்கத்தில் சார்ஜுக்குப் போகும், பிறகு அம்மாவின் தலையணைக்குப் போகும். பெற்றோரின் நியாயமான தேவையிலிருந்து பிறந்த விதியைப் பிள்ளைகள் அவ்வளவாக எதிர்ப்பதில்லை. அப்பா தன் போனையும் அங்கேயே வைத்த வீடுகளில் எதிர்ப்பு இன்னும் குறைவு. வைக்காத அப்பாக்களைப் பற்றிப் பிள்ளைகள் என்னிடம் சொன்னதை இங்கே எழுத முடியாது.

பையன்களின் பிரச்சினை ஒன்பதாம், பத்தாம் தரத்தில் தொடங்கும். கொழும்பில் கடை வேலைக்குப் போன அண்ணன் தீபாவளிக்குப் புதுச் சட்டையும் புதுப் போனுமாக இறங்குவான். இரத்தினபுரிப் பக்கத்தில் மாணிக்கக் குழியும் இருக்கிறது. ஒரு கல் கிடைத்தவனின் கதை பத்துத் தோட்டத்துக்குப் பரவும், கிடைக்காதவர்களின் கதையை யாரும் சொல்வதில்லை. கட்டாயக் கல்விக்கான வயது 2016இல் 14இலிருந்து 16ஆக உயர்த்தப்பட்டது. ஆனால் பதினைந்து வயதுப் பையன் சட்டத்தைப் பார்ப்பதில்லை. தகப்பனின் சம்பளத்தைப் பார்க்கிறான். தோட்டத்து நாட்சம்பளம் 2021இல்தான் 1,000 ரூபாவைத் தொட்டது, 1,350 ரூபாவானது 2024 செப்டெம்பரில். அவனுக்குக் கணக்கு நன்றாகவே தெரியும், கணிதப் பாடத்தில் 20 எடுத்தாலும்.

இந்த வயதில் தகப்பன்மார் சொல்லும் மிரட்டல் ஒன்றுதான். "படிக்காட்டி கொழும்புக்கு அனுப்பிருவேன்." அது அவனுடைய ஆசை. ஆசையைக் காட்டி மிரட்டினால் எப்படிப் பயப்படுவான்? அவன் படிக்காமல் இருப்பதற்கு வீட்டிலேயே பரிசு அறிவித்தாகிவிட்டது.

கொழும்பைப் பற்றி மறைக்காமல் பேசுங்கள், முடிந்தால் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள் என்றேன். கடையின் மேல் தட்டில் எட்டுப் பேர் படுக்கும் இடத்தையும் அவன் பார்க்கட்டும், கடையில் நின்று கணக்குப் படித்து மேலே வந்தவரையும் பார்க்கட்டும். தோட்டத்தில் கொழும்புக்குப் போய்த் திரும்பி வந்தவர் ஒருவராவது இருப்பார், அவரை ஒரு நாள் சாப்பாட்டுக்குக் கூப்பிடுங்கள். கைத்தொழிலில் நாட்டமுள்ள பையனுக்கு வேறு பாதைகளும் உண்டு. தொழிற்பயிற்சி அதிகார சபையின் நிலையங்கள் இருக்கின்றன, என்.வி.கியூ. என்ற தேசிய தொழிற்தகைமைச் சான்றிதழ் இருக்கிறது, சாதாரண தரத்தில் சித்தியடையாதவரும் தொழிற்துறைப் பாடங்களோடு உயர்தரம் தொடரலாம் என்ற 13 ஆண்டுக் கல்வித் திட்டம் 2017இல் தொடங்கியது. இவற்றைச் சாதாரண தரப் பெறுபேறு வந்த அன்று சொன்னால் ஆறுதல் போலக் கேட்கும். ஒன்பதாம் தரத்தில் சொல்லவேண்டும். மின்சாரம் பழகிய ஒரு பையனின் தகப்பன், மகன் லயத்தில் வயர் இழுத்துக் கொடுத்து வாங்கிய முதல் பணத்தைப் பற்றிச் சொல்லும்போது பல்கலைக்கழகம் போன பிள்ளையின் தகப்பன் போலத்தான் பேசினார்.

பெண் பிள்ளைகளிடம் வேறு விதமான விலகல். அம்மா வெளிநாட்டு வேலைக்குப் போன வீட்டில் மூத்த மகள் அம்மாவாகிவிடுவாள். 2013இல் வந்த குடும்பப் பின்னணி அறிக்கை நடைமுறை ஐந்து வயதுக்குக் கீழ் பிள்ளை உள்ள தாய்மார் வெளிநாடு போவதைத் தடுத்தது. பன்னிரண்டு, பதின்மூன்று வயதுப் பிள்ளைக்குத் தாய் தேவையில்லை என்று அதை எழுதியவர்கள் நினைத்தார்களோ என்னவோ. அந்த வயதில்தான் பிள்ளை பெரியவளாகிறாள், சடங்குக்குக் கடன் வாங்குகிறார்கள், நாட்கணக்கில் பாடசாலை தவறுகிறது, திரும்பி வரும்போது வகுப்பில் பாடம் எங்கோ போயிருக்கும். சடங்கு வேண்டாமென்று நான் எந்த வீட்டிலும் சொன்னதில்லை. சொன்னால் என்னை வாசலில் ஏற்றமாட்டார்கள், எனக்கும் அப்படிச் சொல்ல விருப்பமில்லை. கொப்பிகளை ஒரு கூட்டாளி வீட்டுக்குக் கொண்டுவரட்டும், தலைக்குத் தண்ணீர் ஊற்றியதும் தாமதிக்காமல் அனுப்புங்கள், பெரிய சடங்கைப் பாடசாலை விடுமுறையில் வையுங்கள் என்றேன். அநேகமானவர்கள் ஒத்துக்கொண்டார்கள்.

தாய் வெளிநாட்டிலிருந்தால், வாரத்தில் ஒரு நாள் ஒரே நேரத்தில் அழைக்கும்படி தகப்பனிடம் சொல்லியனுப்புவேன். வெள்ளிக்கிழமை இரவு எட்டு மணி என்றால் எட்டு மணி. திடீர் திடீரென்று வரும் நீண்ட அழைப்புகளைவிட இதற்குப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள். அந்த அழைப்பில் காசுப் பேச்சு வேண்டாம், அதற்கு வேறொரு நாள் வைத்துக்கொள்ளுங்கள்.

பாட்டிமாரை இங்கே குறை சொல்லிவிடுவது சுலபம். பெண் பிள்ளையை டியூஷனுக்கு விடமாட்டார், இருட்டுக்கு முன் வீட்டுக்கு வரவேண்டும் என்பார், பஸ் ஏறிப் படிக்கும் பாடசாலை எதற்கு என்பார். ஆனால் அந்தப் பயத்துக்குக் காரணம் உண்டு. தமிழருக்கு எதிரான 1977, 1981, 1983 கலவரங்களை இரத்தினபுரி மாவட்டத் தோட்டங்கள் கண்ணால் கண்டவை. 1981 ஆகஸ்டில் இறக்குவானை, காவத்தை, பலாங்கொடைப் பக்கங்களில் லயங்கள் எரிந்தன. உறவில் பாதிப் பேர் வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் போனார்கள். அந்த இருட்டைப் பார்த்தவர் இருட்டுக்கு முன் வா என்றுதான் சொல்வார். பேத்தியிடம் அந்தக் கதையை ஒரு தடவை முழுதாகச் சொல்லச் சொல்லிப் பாட்டியைக் கேட்டுக்கொள்வேன். கதை தெரிந்த பிள்ளை பாட்டியோடு சண்டை பிடிப்பதில்லை, பஸ்ஸில் ஏறியதும் இறங்கியதும் அழைத்துச் சொல்லும்.

இன்னொன்று, எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் நான் பார்க்காதது. எங்கள் தோட்டத்துப் பெற்றோர் சிங்களம் சரளமாகப் பேசுவார்கள், ஆனால் அநேகருக்கு வாசிக்கத் தெரியாது. பிரதேச செயலகத்திலிருந்தும், வங்கியிலிருந்தும், அடகுக் கடையிலிருந்தும், நீதிமன்றத்திலிருந்தும் வரும் கடிதங்கள் பெரும்பாலும் சிங்களத்தில் இருக்கும். வாசிப்பவர் பிள்ளை. பத்தாம் தரப் பிள்ளைக்கு அப்பாவின் கடன் எவ்வளவு, எந்த நகை மூழ்கப் போகிறது, அம்மாவின் ஆஸ்பத்திரித் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்பதெல்லாம் தெரியும். சிங்கள மொழிமூலத்தில் படிக்கும் பிள்ளை என்றால் லயம் முழுவதன் இரகசியமும் அதனிடம் இருக்கும். தமிழில் விஞ்ஞானப் பிரிவு உயர்தரம் படிக்க நம் மாகாணத்தில் இடம் அரிது என்பதால் கெட்டிக்காரப் பிள்ளைகள் பலர் அந்தப் பக்கம் போகிறார்கள், ஆகவே கெட்டிக்காரப் பிள்ளைதான் அதிகம் சுமக்கிறது. பரீட்சை மேசையில் உட்கார்ந்து நகை ஏலத் திகதியை எண்ணிக்கொண்டிருந்த ஒரு பிள்ளையை எனக்குத் தெரியும்.

கடிதம் வாசிக்கவேண்டாம் என்று சொல்ல முடியாது, வேறு யார் வாசிப்பது? வாசித்து முடிந்ததும் பெற்றோர் வாய் திறந்து ஒன்று சொல்லவேண்டும். "சரி, வாசிச்சுக் குடுத்த. இது நானும் அம்மாவும் பாத்துக்கிற விஷயம். அடுத்த மாசச் சம்பளத்துல இவ்வளவு கட்டுவோம்." தெரிந்துகொண்ட பிள்ளைக்கு முடிவும் தெரியவேண்டும். முடிவே இல்லாவிட்டாலும் அது பெரியவர்களின் கையில் இருக்கிறது என்பதாவது தெரியவேண்டும்.

கடைசியாகக் காகித விஷயம். சாதாரண தரப் பரீட்சைக்கு அடையாள அட்டை வேண்டும், 15 வயதில் அதற்கு விண்ணப்பிக்கலாம், அதற்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அங்கேதான் சிக்கும். பிள்ளைக்குப் பாடசாலையில் ஒரு பெயர், சான்றிதழில் வேறு எழுத்து. தகப்பன் பெயர் சிங்களத்தில் எழுதப்பட்டு வேறு ஆளாக மாறியிருக்கும். பிறப்பே பதியப்படாமல் உத்தேச வயதுச் சான்றிதழில் பத்து வருடம் ஓட்டியிருப்பார்கள். பதினோராம் தரத்தில் விண்ணப்பம் அனுப்பும் வாரம் இது தெரியவந்து, பரீட்சைக்குப் படிக்கவேண்டிய பிள்ளை செயலகத்துக்கும் பதிவாளரிடமும் அலைவதை வருடா வருடம் பார்த்தேன். எட்டாம் தரத்திலேயே சான்றிதழை எடுத்து எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டுப் பாருங்கள் என்று ஒவ்வொரு ஜனவரியிலும் சொல்வேன். திருத்தவேண்டியிருந்தால் விடுமுறையில் ஒரு நாள் பேரை விட்டுக்கொடுத்துவிட்டு, பிள்ளையையும் கூட்டிக்கொண்டு பிரதேச செயலகத்துக்குப் போங்கள். படிவத்தைப் பிள்ளை நிரப்பட்டும், அதிகாரியோடு அப்பா பேசட்டும். வரிசை நீளமாக இருக்கும், மத்தியானச் சாப்பாட்டைக் கடையில் வாங்கிக் கொடுங்கள். அநேகமாக அப்பாவோடு தனியாக அந்தப் பிள்ளை போகும் முதல் பயணம் அதுவாகத்தான் இருக்கும்.